பலதார மணத்திலிருந்து தன்பாலினத் திருமணம் வரை: யூட்டா மாநிலத்தின் திருமணச் சட்ட வரலாறு

அமெரிக்காவின் யூட்டா மாநில அரசமைப்புச் சட்டத்தில் திருமணத்தைக் குறித்து இரண்டு தடைகள் எழுதப்பட்டன. முதல் தடை 1896இல், அந்த மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்தபோதே இடம்பெற்றது. பலதார மணம் என்றென்றைக்கும் தடைசெய்யப்படுகிறது என்றது அது. இரண்டாவது தடை 2004 நவம்பர் வாக்கெடுப்பின் வழியே வந்தது. திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்றது. முதலாவதை வாஷிங்டன் யூட்டாவின் மேல் சுமத்தியது. இரண்டாவதை யூட்டா தானாக விரும்பி எழுதிக்கொண்டது. அதை 2013 டிசம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி செல்லாது என்று அறிவித்தார்.

அமெரிக்கத் தன்பாலினத் திருமண வரலாற்றை எழுதுபவர்கள் யூட்டாவை வழக்கமாக ஒரு வரிசைக்குள் வைத்துவிடுவார்கள். 2013 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் விண்ட்சர் தீர்ப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு கீழமை நீதிமன்றங்கள் மாநிலத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கின, 2015 ஜூனில் ஓபர்கெஃபெல் தீர்ப்பு நாடு முழுவதற்கும் முடிவு சொன்னது, இடையில் யூட்டாவும் ஒன்று. சட்டத் தர்க்கத்தின் அளவில் இது சரி. ஆனால் இந்த வரிசை இரண்டு கேள்விகளுக்கு விடை தருவதில்லை. விண்ட்சருக்குப் பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்தில் முதலில் விழுந்தது ஏன் நாட்டின் மிகப் பழமைவாத மாநிலங்களுள் ஒன்றின் தடை? விழுந்த பிறகு யூட்டா ஏன் பணிய மறுத்த அலபாமாவைப் போலவோ கென்டகியைப் போலவோ நடந்துகொள்ளவில்லை? முதல் கேள்விக்கான விடையில் பாதி தற்செயல். இரண்டாவதன் விடையைத் தேட நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். திருமணத்தை முன்னிட்டு ஒருமுறை எல்லாவற்றையும் இழந்துபார்த்த சமூகம் அது. இரண்டாம் முறை தோற்றபோது, எதைக் கொடுத்து எதைக் காத்துக்கொள்வது என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாஷிங்டன் எழுதிய திருமணம்

1844இல் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் மோர்மன் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் கும்பலால் கொல்லப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரிகம் யங் தலைமையில் ஒரு கூட்டம் ராக்கி மலைகளைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறியது. அன்று அது மெக்சிகோவின் நிலம். துரத்தப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு நாட்டைக் கட்டிக்கொள்ளத் தேர்ந்த இடம் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த ஆண்டே போர் முடிந்து அந்த நிலம் அமெரிக்காவுக்குக் கைமாறியது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களது முறையான பெயர். மோர்மன்கள் என்பது ஊர் வைத்த பெயர்.

1852இல் சபை தன் பலதார மணக் கோட்பாட்டைப் பகிரங்கமாக அறிவித்தது. 1856இல் புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சி தன் கொள்கை அறிக்கையில் அடிமை முறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று சேர்த்தே வைத்துத் தாக்கியது. இன்று யூட்டாவை அசையாத கோட்டையாக வைத்திருக்கும் அதே கட்சிதான்.

1862இல் காங்கிரஸ் முதல் தடைச்சட்டத்தை இயற்றியது. அதன் செல்லுபடியைச் சோதிக்க, பிரிகம் யங்கின் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மதச் சுதந்திரம் எங்கள் திருமணத்தையும் காக்கும் என்பது சபையின் வாதம். 1879இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நம்பிக்கை உன்னுடையது, செயல் அரசினுடைய கட்டுப்பாட்டுக்குள் வரும் என்று தலைமை நீதிபதி வெய்ட் எழுதினார். இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, கணவனின் சிதையில் தன்னை எரித்துக்கொள்வது மதக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால் அரசு தடுக்கக் கூடாதா என்பது. பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வாழ்க்கைமுறை, வட, மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அருவருப்பானது என்றும் அத்தீர்ப்பு கூறியது. எங்கோ பாலைநிலத்தில் நடந்த ஒரு வழக்கில், நம்மை யாரும் கேட்காமலேயே நம் பக்கத்து உடன்கட்டையும் சாட்சிக்கு இழுக்கப்பட்டது. இந்த வாசகங்களை இன்றைய அமெரிக்க நீதிபதிகள் மேற்கோள் காட்டக் கூசுவார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, செயல் வேறு என்ற அந்தப் பிரிவினை மட்டும் உயிரோடு இருக்கிறது.

அதன் பின் வந்தவை வெறும் தடைச்சட்டங்கள் அல்ல, முற்றுகைகள். 1882இன் எட்மண்ட்ஸ் சட்டம் பலதார மணம் புரிந்தோரின் வாக்குரிமையையும் பதவி வகிக்கும் உரிமையையும் பறித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறைக்குப் போனார்கள். சபைத் தலைவர் ஜான் டெய்லர் தலைமறைவாக இருந்தபடியே 1887இல் இறந்தார். அதே ஆண்டு வந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் சபையின் சட்ட உருவையே கலைத்து அதன் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிசெய்தது. யூட்டா பெண்கள் 1870 முதல் அனுபவித்துவந்த வாக்குரிமையும் அதே சட்டத்தால் பறிபோனது. அமெரிக்காவின் பிற பகுதிகளில் பெண்கள் வாக்குக்காகப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், கையில் இருந்ததைப் பிடுங்கிய சட்டம் இது. 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் பறிமுதலை உறுதிசெய்தது. சில மாதங்களிலேயே சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் சட்டத்துக்குப் பணிவதாக ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆலயங்களையாவது காப்பாற்ற வேண்டும் என்பது அவரது கணக்கு.

1894இல் மாநிலத் தகுதிக்கு வழிவிட்ட சட்டம், பலதார மணத்தை என்றென்றைக்கும் தடைசெய்வதாக எழுதித் தந்தால்தான் உள்ளே வரலாம் என்று நிபந்தனை விதித்தது. யூட்டா எழுதித் தந்தது. 1896 ஜனவரி 4 அன்று மாநிலமானது.

இந்தத் தோல்விக்குப் பின் மோர்மன்கள் ஒருதார மணக் குடும்பத்தின் உறுதியான காவலர்களாக மாறினார்கள். பழைய வழக்கத்தைத் தொடர்ந்தவர்களைச் சபையே விலக்கியது. இதை வெறும் வேடம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. இரண்டு மூன்று தலைமுறைகளில் அது உண்மையான நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ஆனால் அதன் அடியில் ஒரு பதற்றமும் இருந்தது. எங்கள் குடும்பங்களும் உங்கள் குடும்பங்களைப் போன்றவைதாம் என்று நாட்டின் பிற பகுதிகளுக்குத் தொடர்ந்து நிரூபிக்க வேண்டியிருந்த பதற்றம்.

ஹவாயிலிருந்து வந்த அச்சம்

1977இலேயே யூட்டா சட்டமன்றம் ஒரே பாலினத்தவரின் திருமணம் செல்லாது என்று எழுதிவிட்டது. அப்போது அப்படியொரு திருமணத்தைக் கோரி யாரும் வாசலில் நிற்கவில்லை. உண்மையான அச்சம் 1993 மே மாதம் ஹவாய் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. தன்பாலினத்தவருக்குத் திருமண உரிமத்தை மறுப்பது பாலினப் பாகுபாடாக இருக்கக்கூடும், அரசு அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும் என்று அந்த நீதிமன்றம் கூறியது. ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை மற்றொரு மாநிலம் ஏற்பதுதான் அமெரிக்க வழக்கம். யூட்டாவிலிருந்து விமானம் ஏறிப்போய்க் கடற்கரையில் திருமணம் முடித்துத் திரும்புபவர்களை என்ன செய்வது?

யூட்டா காத்திருக்கவில்லை. பிற மாநிலங்களில் நடக்கும் இத்தகைய திருமணங்களை ஏற்க மாட்டோம் என்று 1995இல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுதான். கூட்டாட்சி அளவில் கிளின்டன் கையெழுத்திட்ட திருமணப் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். 1995 செப்டம்பரில் சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி குடும்பத்தைப் பற்றிய ஒரு பிரகடனத்தை வாசித்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் தேவன் வகுத்தது என்ற அந்த ஒற்றைப் பக்கம் படச்சட்டம் போட்டு மோர்மன் வீடுகளின் சுவர்களில் ஏறியது. கோட்பாட்டு நூல்களைவிட அது ஆழமாகப் போய்ச் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

அந்தக் காலத்தின் மனநிலைக்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1996இல் சால்ட் லேக் சிட்டியின் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் சிலர் தன்பாலின, எதிர்பாலின மாணவர்கள் சேர்ந்த ஒரு மன்றம் தொடங்க விரும்பினார்கள். ஒரு மன்றத்தை மட்டும் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தரவில்லை. எனவே கல்வி வாரியம் பாடத்தோடு தொடர்பில்லாத எல்லா மன்றங்களையும் ஒட்டுமொத்தமாக மூடியது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் 1984இல் பள்ளிகளில் பைபிள் வாசிப்புக் குழுக்களுக்கு இடம் பெற்றுத் தருவதற்காக வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் யூட்டாவின் சொந்த செனட்டர் ஆரின் ஹேட்ச். இந்தப் பெயர் மீண்டும் வரும்.

2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் திருமண உரிமையை வழங்கியதும், மாநிலச் சட்டம் போதாது, மாநில அரசமைப்பிலேயே பூட்டு போட வேண்டும் என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. 2004 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் 11 மாநிலங்கள் இத்தகைய திருத்தங்கள் மீது வாக்களித்தன. யூட்டாவில் மூன்றாம் திருத்தம் என்று அழைக்கப்பட்ட அது ஏறத்தாழ 66 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. இரண்டு வாக்கியங்கள்தாம். முதல் வாக்கியம் திருமணத்தை வரையறுத்தது. இரண்டாவது அதைவிடக் கடுமையானது. வேறு எந்தப் பெயரில் எந்த இணைவு இருந்தாலும் அதற்குத் திருமணத்துக்குச் சமமான சட்ட விளைவு தரக் கூடாது என்றது. இந்த இரண்டாம் வாக்கியம் எல்லை மீறுகிறது என்று, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஷர்ட்லெஃப் உட்பட, அந்த ஆண்டு அப்பதவிக்குப் போட்டியிட்ட மூவருமே எதிர்த்தார்கள். வாக்காளர்கள் கேட்கவில்லை. திருத்தம் சென்று அமர்ந்த இடம் மாநில அரசமைப்பின் முதல் பிரிவு, அதாவது குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் பிரிவு.

2008இல் சபை தன் மாநிலத்துக்கு வெளியே கலிஃபோர்னியாவில், தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் முன்மொழிவுக்காகக் களமிறங்கியது. பணத்தையும் நேரத்தையும் தாருங்கள் என்று கேட்கும் கடிதம் அங்கே ஆராதனைக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டது. முன்மொழிவு வென்றது. ஆனால் வெற்றிக்குப் பிறகு சால்ட் லேக் ஆலயத்தின் வாசலிலேயே ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிற மதங்களும் அதே முன்மொழிவை ஆதரித்திருந்தன, கோபம் மட்டும் மோர்மன்கள் மேல் குவிந்தது. நூறாண்டுகளாக நாட்டின் பொதுநீரோட்டத்தில் இடம்பிடிக்க உழைத்த ஒரு நிறுவனத்துக்கு இது சாதாரண இழப்பல்ல. மறு ஆண்டு நவம்பரில் சால்ட் லேக் நகரமன்றம் வேலையிலும் வீட்டு வாடகையிலும் தன்பாலினத்தவருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தபோது, சபையின் பேச்சாளர் நேரில் வந்து அதை ஆதரித்தார். அவ்விதியில் மத அமைப்புகளுக்கு விலக்கு இருந்தது. உரிமையும் விலக்கும் ஒரே தாளில் என்ற அந்த வாய்பாட்டை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்போம்.

பதினேழு நாட்கள்

2013 மார்ச்சில் மூன்று இணைகள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஓர் இணை ஏற்கெனவே அயோவாவில் திருமணம் முடித்திருந்தது. முதல் மனுதாரரான டெரெக் கிச்சனின் பெயரும் ஆளுநர் கேரி ஹெர்பர்ட்டின் பெயரும் சேர்ந்து வழக்கின் பெயரானது. கிச்சன் பின்னாளில் நகரமன்றத்துக்கும் மாநில செனட்டுக்கும் தேர்வானவர். வழக்கைத் தொடங்கியது நாடறிந்த உரிமை அமைப்பு எதுவும் அல்ல. உள்ளூரில் முளைத்த ஒரு சிறு அமைப்பும், பெக்கி டாம்சிக் என்ற உள்ளூர் வழக்கறிஞரும். எதிரிக் கோட்டைக்குள் போய்த் தோற்றால் அந்தத் தோல்வி எல்லோருக்கும் முன்னுதாரணமாகிவிடும் என்பது தேசிய அமைப்புகளின் பொதுவான தயக்கம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மூன்று மாதத்தில் விண்ட்சர் தீர்ப்பு வந்து கணக்கு மாறியது. திருமணத்தை ஆணும் பெண்ணும் என்று மட்டும் வரையறுத்த கூட்டாட்சிச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீக்கியது.

விண்ட்சரை யூட்டா தனக்குச் சாதகமாகவே படித்தது. திருமணத்தை வரையறுப்பது மாநிலங்களின் பழைய அதிகாரம் என்று நீதிபதி கென்னடி பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அப்படியானால் எங்கள் வரையறையில் ஏன் கைவைக்கிறீர்கள் என்பது மாநிலத்தின் வாதம். 1880களில் இதே வாதத்தைத்தான் யூட்டா வாஷிங்டனிடம் முன்வைத்தது. எங்கள் திருமணத்தை நாங்களே வரையறுப்போம் என்ற குரல் 130 ஆண்டுகளாக மாறவில்லை, வரையறைதான் தலைகீழாகிவிட்டது.

வழக்கு நீதிபதி ராபர்ட் ஷெல்பியிடம் வந்தது. ஒபாமா நியமித்தவர் என்றாலும் அவரைப் பரிந்துரைத்தவர் ஆரின் ஹேட்ச். 2013 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை பிற்பகல், எதிர்பார்த்ததற்கு முன்பாகவே அவரது 53 பக்கத் தீர்ப்பு வெளியானது. மாநிலத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டு, அது தனிமனிதருக்கு அரசமைப்பு தரும் உறுதிகளுக்கு உட்பட்டது என்று விண்ட்சரில் இருந்த மறுபாதியை அவர் எடுத்துக்கொண்டார். விண்ட்சரில் மாறுபட்ட நீதிபதி ஸ்கலியா, இந்தத் தர்க்கம் நாளை மாநிலத் தடைகளையும் வீழ்த்தும் என்று கோபத்தோடு எச்சரித்திருந்தார். அவர் சொல்வது சரிதான் என்று ஷெல்பி ஒப்புக்கொண்டு அதன்படியே தீர்ப்பளித்தார். பழமைவாத நீதிபதியின் எச்சரிக்கை எதிரணியின் ஆதாரமான கதை இங்கிருந்துதான் தொடங்கியது, அதன் பின் பல நீதிமன்றங்கள் அதையே செய்தன. குழந்தைகள் தாய் தந்தையரிடம் வளர்வதே சிறப்பு என்ற மாநிலத்தின் வாதத்துக்கும் நேரான பதில் வந்தது. இரண்டு பெண்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று தடுப்பதால் எந்த ஓர் ஆணும் பெண்ணும் கூடுதலாகத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள்? தன்பாலின இணைகள் ஏற்கெனவே வளர்த்துவரும் குழந்தைகளுக்குத்தான் இந்தத் தடையால் இழப்பு. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுத்த சட்டங்களை நீக்கிய 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவருக்குத் துணைநின்றது. யூட்டாவிலும் அப்படியொரு சட்டம் 1963வரை இருந்தது.

இதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 13 அன்று, அதே நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி கிளார்க் வாடூப்ஸ், தொலைக்காட்சியில் தோன்றிய ஒரு பலதார மணக் குடும்பம் தொடுத்த வழக்கில், சேர்ந்து வாழ்வதையே குற்றமாக்கிய யூட்டா சட்டப் பகுதியை நீக்கியிருந்தார். ரெனால்ட்ஸ் தீர்ப்பின் இனவாத வாசகங்களை அவர் நீளமாகவே விமர்சித்தார். அந்தத் தீர்ப்பு 2016இல் மேல்முறையீட்டில் தொழில்நுட்பக் காரணத்தால் நிற்காமல் போயிற்று. ஆனால் 2020இல் சட்டமன்றமே, உடன்பட்ட வயதுவந்தோரின் பலதார மணத்தைச் சிறைக்குற்றத்திலிருந்து அபராதத்துக்குரிய சிறு மீறலாகக் குறைத்தது. ஒரே வாரத்தில் யூட்டாவின் இரண்டு திருமணத் தடைகளும் ஆட்டம் கண்டன என்பதை அந்நாளைய செய்தியாளர்கள் கவனித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் ஏனோ இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுகிறார்கள்.

தற்செயலின் பங்கு இனி வருகிறது. இத்தகைய தீர்ப்பு வரும்போது, தோற்றால் மேல்முறையீடு முடியும்வரை தீர்ப்பை நிறுத்திவையுங்கள் என்று அரசு முன்கூட்டியே கேட்டுவைப்பது வழக்கம். யூட்டா கேட்கவில்லை. அட்டர்னி ஜெனரல் ஜான் ஸ்வாலோ தம் மீதான விசாரணைகளுக்கு நடுவே அம்மாதத் தொடக்கத்தில்தான் பதவி விலகியிருந்தார் (2017இல் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்). இடைக்காலப் பொறுப்பாளர் ஒருவர் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். யூட்டாவில் திருமண உரிமத்துக்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. தீர்ப்பு வந்த சில மணி நேரத்தில் சால்ட் லேக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது. நகர மேயர் ரால்ஃப் பெக்கர் அங்கேயே திருமணங்களை நடத்திவைத்தார். மாநில செனட்டர் ஜிம் டபாக்கிஸ் தம் நீண்டகாலத் துணைவரை அன்றே மணந்தார். திங்களன்று ஷெல்பி நிறுத்திவைக்க மறுத்தார், செவ்வாயன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. ப்ரோவோ நகரம் அடங்கிய யூட்டா கவுண்டி 26ஆம் தேதிவரை உரிமம் தர மறுத்து, பின் வழிக்கு வந்தது.

2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதற்குள் 17 நாட்கள், ஏறத்தாழ 1,300 திருமணங்கள்.

சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இந்த இடைவெளிதான் யூட்டா வரலாற்றின் திருப்பம் என்று நினைக்கிறேன். தன்பாலினத் திருமணம் அதுவரை அங்கே ஒரு கருத்து, இனி அது பக்கத்து வீடு. ஆளுநர் இந்தத் திருமணங்களுக்கு மாநில அங்கீகாரத்தை நிறுத்திவைத்தார். கூட்டாட்சி அரசோ அவற்றை ஏற்பதாக அறிவித்தது. ஒரே இணை வாஷிங்டனின் கணக்கில் தம்பதி, சால்ட் லேக்கின் கணக்கில் இருவர். 2000ஆம் ஆண்டிலிருந்தே திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் குழந்தையைத் தத்தெடுக்க யூட்டாவில் தடை இருந்தது. அந்தப் பதினேழு நாட்களில் மணந்தவர்கள் தத்தெடுப்பு மனுக்களோடு நீதிமன்றம் போனார்கள், பாதிவழியில் நின்றார்கள். இந்தத் திருமணங்கள் செல்லும் என்று 2014 மே 19 அன்று நீதிபதி டேல் கிம்பல் தனியாக ஒரு வழக்கில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒரு தடையைத் திரும்பக் கொண்டுவர விரும்பும் அரசு, இனி இல்லாத ஒன்றைத் தடுப்பதாகச் சொல்ல முடியாது. இருக்கும் குடும்பங்களைக் கலைப்பதாகத்தான் அது தோன்றும்.

டென்வரும் அதன் பின்னும்

மேல்முறையீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரல் 10 அன்று டென்வரில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. கத்தோலிக்க ஆயர்களோடும் பிற கிறிஸ்தவ அமைப்புகளோடும் சேர்ந்து மோர்மன் சபையும் தடைக்கு ஆதரவாக நீதிமன்றத் துணை மனு அளித்திருந்தது. வாதத்துக்கு முந்தைய நாள், தன்பாலினப் பெற்றோரின் குழந்தைகளைப் பற்றிய, ரெக்னரஸ் என்ற ஆய்வாளரின் சர்ச்சைக்குரிய ஆய்வைத் தாங்கள் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை என்று மாநில வழக்கறிஞர் கடிதம் கொடுத்துப் பின்வாங்கினார். குழந்தை நலம் என்ற தூண் விரிசல் விட்டது அப்போதே தெரிந்தது. ஜூன் 25 அன்று 2க்கு 1 என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கிளின்டன் நியமித்த லுசேரோ, அவரோடு சேர்ந்தவர் இளைய புஷ் நியமித்த ஹோம்ஸ். விண்ட்சருக்குப் பின் மாநிலத் தடை ஒன்றை நீக்கிய முதல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு இது. மாறுபட்ட நீதிபதி கெல்லி, இதை மாநிலங்களிடம் விட்டுவிட வேண்டும் என்றார்.

2014 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் யூட்டா உட்பட ஐந்து மாநிலங்களின் மேல்முறையீடுகளை, காரணம் எதுவும் சொல்லாமல், விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அன்றே திருமணங்கள் தொடங்கின. தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்றாலும் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று ஹெர்பர்ட் அறிவித்து, உடனே நடைமுறைப்படுத்துமாறு துறைகளுக்கு உத்தரவிட்டார். ஓபர்கெஃபெல் வரும்போது யூட்டாவில் இது எட்டு மாதப் பழசு.

அலபாமாவில் தலைமை நீதிபதி ராய் மூர் 2016 ஜனவரியிலும்கூட உரிமம் தராதீர்கள் என்று உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். கென்டகியில் கவுண்டி எழுத்தர் கிம் டேவிஸ் உரிமம் தர மறுத்துச் சிறை சென்றார். யூட்டாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறொன்று. 2015 ஜனவரியில் சபைத் தலைவர்கள் செய்தியாளர்களைக் கூட்டி, வேலையிலும் வீட்டு வசதியிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மாநில அளவில் ஆதரிப்போம், பதிலுக்கு மதச் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். மார்ச்சில் சட்டம் வந்தது. கீழவையில் ஆதரவு 65, எதிர்ப்பு 10. மத அமைப்புகளுக்கும் அவை நடத்தும் நிறுவனங்களுக்கும் விலக்கு. கடைகள், உணவகங்கள் போன்ற பொது இடங்களைச் சட்டம் தொடவே இல்லை. கூடவே வந்த இரட்டைச் சட்டம், எந்தக் கவுண்டியிலும் திருமணத்தை நடத்திவைக்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும், ஆனால் எழுத்தர் தாமே நடத்திவைக்க வேண்டியதில்லை என்று ஏற்பாடு செய்தது. கிம் டேவிஸ் எழ இடமே இல்லாமல் செய்த ஏற்பாடு. அந்த ஆண்டு அக்டோபரில் சபையின் மூத்த தலைவரும் முன்னாள் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியுமான டாலின் ஓக்ஸ், அரசு அலுவலர் தம் சொந்த நம்பிக்கையைத் தம் பணிக்கடமைக்கு மாற்றாக வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே பேசினார்.

இந்த உடன்பாட்டைப் புகழ்பவர்கள் நல்லெண்ணத்தின் வெற்றி என்பார்கள். விலக்குகளின் அகலத்தைப் பார்ப்பவர்கள், உரிமைக்குக் கொடுத்த விலை அதிகம் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. எனக்குத் தெரிவது 1890இன் கைரேகை. பொதுச் சட்டத்தின் திருமணத்தை விட்டுக்கொடுத்து ஆலயத்தைக் காப்பது அன்றும் கணக்கு, இன்றும் கணக்கு.

ஆலயத்துக்குள் நிலைமை இளகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் கையெழுத்தான அதே 2015இன் நவம்பரில், தன்பாலினத் திருமணம் புரிந்த உறுப்பினர்கள் விசுவாசத் துரோகிகள், அவர்களோடு வாழும் குழந்தைகளுக்கு 18 வயதுக்கு முன் ஞானஸ்நானம் இல்லை என்ற உள்விதி வெளிவந்தது. விளக்கம் சொன்ன சபைத் தலைவர் ஒருவர், பலதார மணக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஏற்கெனவே இருந்த விதியை மாதிரியாகக் காட்டினார். தன் பழைய காயத்தின் அளவிலேயே சபை இந்தப் புதிய வேலியை வெட்டியெடுத்தது. பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். 2019 ஏப்ரலில் விதி திரும்பப் பெறப்பட்டது, கோட்பாடு மாறவில்லை.

2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கியபோது, அடுத்து ஓபர்கெஃபெலும் போகுமோ என்ற பதற்றத்தில் காங்கிரஸ் திருமண மதிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் யூட்டாவின் உறுப்பினர்கள் நால்வரும், நால்வரும் குடியரசுக் கட்சியினர், ஆதரித்து வாக்களித்தார்கள். நவம்பரில் மோர்மன் சபையும் மத அமைப்புகளுக்கான பாதுகாப்புகளைச் சுட்டி ஆதரவு தெரிவித்தது. இரண்டு பேருக்கு மேற்பட்டோரின் திருமணத்துக்கு இச்சட்டத்தால் கூட்டாட்சி அங்கீகாரம் கிடையாது என்ற வரியும் அதில் இடம்பெற்றது. செனட்டில் யூட்டாவின் இரு உறுப்பினர்களும் பிரிந்தார்கள். மதச் சுதந்திரப் பாதுகாப்பு போதாது என்று மைக் லீ கொண்டுவந்த திருத்தம் தோற்றது, அவர் எதிர்த்து வாக்களித்தார். பலதார மணத் தடைக்குத் தப்பி மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த மோர்மன்களின் வழிவந்தவரான மிட் ராம்னி ஆதரித்து வாக்களித்தார். டிசம்பர் 13 அன்று பைடன் கையெழுத்திட்டார்.